கூடு பேசுகிறது

ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணிக்கு,

குச்சி எழுதுவது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, அண்ணனின் இருமல் அடங்கியதா என்று முதலில் எழுதுங்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை. வந்த புதிதில் கடல் என் குடலை எடுத்துக் கழுவிக் காயப்போட்டுவிட்டது. இப்போது பழகிவிட்டது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். கப்பலில் ஏறியதுமே எல்லாருடைய போனையும் வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார்கள். போட்டிக் கம்பெனிக்குப் படம் போய்விடுமாம். சரக்குப் படகு வரும்போது தபால் வரும், அது திரும்பும்போது தபால் போகும். உலகத்தோடு எங்கள் உறவு அவ்வளவுதான்.

என்ன வேலை என்று கேட்டீர்களே. நூறு வருடத்துக்கு முன்னால் மூழ்கிய பயணிகள் கப்பல் ஒன்று எங்களுக்கு நேர் கீழே கிடக்கிறது. எந்தக் கப்பல் என்று அண்ணனைக் கேட்டால் சொல்வார். அதைத்தானே அவர் சலவைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் வரைந்து தள்ளுகிறார்! அதைப் பார்க்கப் பணம் கட்டி வருகிறவர்களை எங்கள் முதலாளி ஒரு சின்ன நீர்மூழ்கியில் கீழே கூட்டிப்போகிறார். அவரே ஓட்டுகிறார். ஐந்து பேர் உட்காரலாம், அதுவும் காலை மடக்கித்தான். உள்ளே ஏறியதும் வெளியிலிருந்து போல்ட் போட்டு மூடிவிடுவார்கள். நாங்கள் அதை டப்பா என்போம், முதலாளி காதில் விழாமல்.

கரிநூலை, அதாவது கார்பன் இழையை, பசையில் நனைத்துச் சுற்றிச் சுற்றிச் செய்த உருளை அது. இரண்டு பக்கமும் உலோக மூடி. அந்த உருளைக்குக் கூடு என்று பெயர். ஆழத்துக்குப் போகப் போகத் தண்ணீர் நாலா பக்கமும் நெருக்கும். கூடு டிக் டிக்கென்று சத்தம் போடும். புதிதாக வருகிறவர்களுக்கு முகம் வெளுத்துவிடும். "பயப்படாதீங்க, கூடு உங்ககூடப் பேசுது" என்று சொல்லிவிடுவோம். உடனே சிரித்துவிடுவார்கள். அந்தச் சொல் நான் கண்டுபிடித்தது, அண்ணி. முதலாளிக்கு ரொம்பப் பிடித்துப்போய் விளம்பரத்திலேயே போட்டுவிட்டார். என் வேலை அந்தப் பேச்சைக் கேட்பது. கூட்டின் மேல் காது மாதிரி கருவிகள் ஒட்டியிருக்கின்றன. அவை சொல்வதைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பரில் இந்த வருடத்தின் கடைசிப் பயணம். அதில் ஓர் இடத்தை ஊழியர் ஒருவரின் குடும்பத்துக்கு இலவசமாகக் கொடுப்பார்கள். இந்த வருடம் எனக்குக் கிடைத்திருக்கிறது. அண்ணன் வரட்டும். அவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள், ஒரேயடியாகச் சொன்னால் இருமல் வந்துவிடும்.

உங்கள் இருவர் மேலும் பிரியமாக,
குச்சி

ஏப்ரல் 29

அன்புத் தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். முழங்கால், படி ஏறும்போது என்னைத் திட்டுகிறது, இறங்கும்போது இந்த வீட்டைப் பார்த்துக் குடிவந்த உன் அண்ணனைத் திட்டுகிறது. உன் உடம்பு தேறியது கேட்டு நிம்மதி.

மெதுவாகச் சொல்லச் சொன்னாய். நான் என்றைக்கு எதை மெதுவாகச் சொல்லியிருக்கிறேன்? அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். வாசலில் இருந்தே கத்திவிட்டேன். சோப்பு முகத்தோடு வந்து நின்று, "எந்தக் கப்பல்?" என்றார். "எல்லாம் உங்க கப்பல்தான்" என்றேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைக் கண்ணைத் துடைத்தார். கண்ணுக்குள் சோப்பு போய்விட்டது என்றார், நானும் நம்பின மாதிரி இருந்துவிட்டேன்.

கப்பல் வேலைக்குப் போக வேண்டிய மனிதர். பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று கண் டாக்டர் திருப்பி அனுப்பினார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மேற்பார்வைக்குச் சேர்ந்தபோது, "வெள்ளைத் துணிக்குக் கலர் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் கடிதம் வந்த அன்றுதான் அவர் வேறு மாதிரி சிரித்தார். அதற்காக நீ என்ன கேட்டாலும் தருவேன்.

ஆனாலும் கேட்கிறேன், இது பத்திரம்தானே? நான் பல் ஆஸ்பத்திரிக் கவுண்டரில் உட்காருகிறவள். வலிக்காது, வலிக்காது என்று சொல்லித்தான் எல்லாரையும் உள்ளே அனுப்புகிறேன். அதனால் யார் தைரியம் சொன்னாலும் எனக்குச் சந்தேகம் வரும். நீ சொல்கிறாய் என்பதால் நம்புகிறேன். நீயாவது மேலே கப்பலில், கம்ப்யூட்டர் முன்னால், ஈரம் படாமல் உட்கார்ந்திருக்கிறாயே. அந்த மட்டும் எனக்கு ஒரு கவலை குறைவு.

காதை மூடிக்கொண்டு வெளியே போ. குளிர் காது வழியாகத்தான் ஏறும்.

ஆசிகளுடன்,
அண்ணி

கீழே உன் அண்ணன்: கூடு என்ன பேசுகிறது? கேட்டு எழுது.

மே 23

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மடிப்புக் கிழியும்வரை படித்தேன். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்காலில் மட்டும் உங்களுக்குப் போட்டியாக வந்துகொண்டிருக்கிறேன், அவ்வளவு நேரம் மடக்கியே உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது கால் என்னுடையதாகவே இருப்பதில்லை.

அண்ணன் கேட்டதற்குப் பதில்: கூடு இறங்கும்போதுதான் அதிகம் பேசும். வெளிச்சம் முதலில் நீலமாகும், பிறகு ஒன்றுமே இருக்காது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க உள்விளக்கையும் அணைத்துவிடுவார்கள். இருட்டில் ஆளுக்கு ஆள் மூச்சுவிடுவது கேட்கும். திடீரென்று விளக்கைப் போட்டால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கப்பலின் சுவர் நிற்கும், தெருவில் திரும்பியதும் எதிர்வீடு நிற்கிற மாதிரி. போய்வந்தவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். மணலில் ஒரு முடிதிருத்தும் நாற்காலி நேராக நிற்கிறது, அண்ணி. கால் வைக்கும் தட்டு, தலை சாய்க்கும் கட்டை எல்லாம் அப்படியே. யாரோ உட்கார வரப்போகிற மாதிரி. அதைப் பார்த்ததும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். வீட்டை விற்று வந்தவர். மேலே வந்ததும் மறுபடி எப்போது வரலாம் என்று கேட்டார். இப்படி மனிதரைப் பிடித்து இழுக்கிற இடத்தை நான் பார்த்ததே இல்லை. அண்ணன் இதைப் பார்க்கத்தான் வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கை. பணம் கட்டி வருகிறவர்களைப் பயணிகள் என்று சொல்லக் கூடாது. 'ஆராய்ச்சித் துணைவர்' என்று சொல்ல வேண்டும். பயணி என்றால் அரசாங்கச் சட்டம் வந்து கேள்வி கேட்கும். துணைவர் என்றால் கேட்காதாம். சோதித்துச் சான்று கொடுக்கிறவர்களையும் முதலாளி கூப்பிடவில்லை. "சான்று குடுக்கறவங்க நேத்து நடந்ததுக்குத்தான் குடுப்பாங்க. நாம நாளைக்கு வேலை செய்யறவங்க" என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அண்ணன் கையெழுத்துப் போட ஒரு காகிதம் வரும். அதில் சாவு, சாவு என்று நிறைய எழுதியிருக்கும். எல்லாருக்கும் அதே காகிதம்தான், பயப்படாதீர்கள்.

பிரியமாக,
குச்சி

ஜூன் 10

அன்புத் தம்பிக்கு,

இங்கே இருவரும் சுகம், ஒருவருக்குப் பைத்தியம். சுகமாக இருப்பது நான்.

உன் அண்ணன் துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதற்கும் சுவருக்கும் நடுவில் காலை மடக்கி உட்கார்ந்து பழகுகிறார். விளக்கையும் அணைத்துக்கொள்கிறார். நேற்று மாவு டப்பாவை எடுக்கப் போய் அவர் மேல் இடறி விழப் பார்த்தேன். "யாரும்மா அது, ஆராய்ச்சித் துணைவரா?" என்று இருட்டிலிருந்து குரல் வருகிறது! சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. அங்கே ஒரு பெரிய உலர்த்தும் இயந்திரம் டிக் டிக்கென்று சத்தம் போடுமாம். "கூடு பேசுதுப்பா" என்று இப்போது எல்லாருமே சொல்கிறார்களாம். உன் சொல் இங்கேயும் வந்துவிட்டது.

காகிதம் வந்தது. முதல் பக்கத்திலேயே அந்தச் சொல் மூன்று இடத்தில் இருந்தது. அதற்கு மேல் நான் படிக்கவில்லை. அவர் படிக்கவே இல்லை. "நம்ம பய பாத்துக்கற டப்பாதானே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

உனக்குக் கால் வலிப்பதாக எழுதியிருந்தாயே. நாற்காலியைக் கொஞ்சம் உயர்த்திப் போட்டு உட்கார். கம்ப்யூட்டர் வேலை செய்கிற எல்லாருக்கும் இந்த வலி வருகிறது என்று எங்கள் பல் டாக்டர் சொல்கிறார். அவருக்குப் பல்லைத் தவிர எல்லா உறுப்பைப் பற்றியும் அபிப்பிராயம் உண்டு.

நல்லபடியாக இரு.
அண்ணி

கீழே உன் அண்ணன்: அந்த நாற்காலி இரண்டாம் தளத்தில் இருந்தது. படிக்கட்டுக்கு இடதுபக்கம். நான் காட்டுகிறேன்.

ஜூலை 9

அன்புள்ள அண்ணிக்கு,

இருவரும் நலமாக இருக்க வேண்டும். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள். வேலை அதிகம்.

அண்ணன் இந்த வருடம் வர வேண்டாம் என்று தோன்றுகிறது. செப்டம்பரில் கடல் மோசமாக இருக்குமாம். இருமல்காரருக்கு இந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாது. அடுத்த வருடம் இதைவிட நல்ல இடமாகக் கேட்டு வாங்கித் தருகிறேன். உண்மையில் கீழே பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரே துரு.

அவருக்குப் புரிகிற மாதிரி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

குச்சி

ஜூலை 21

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீயும் நன்றாக இரு.

உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தேன். 'ஒரே துரு' என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அவர் மிச்சத்தைக் கேட்கவில்லை. புதிதாக வாங்கிய கம்பளிக் கோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கழற்றி, பொத்தானெல்லாம் போட்டு, பீரோவில் வைத்தார். "அவனுக்கு என்ன சங்கடமோ, விடு" என்றார்.

அவர் விடுவார். நான் விட மாட்டேன். போன கடிதத்தில் நாற்காலி நிற்கிறது, சுவர் நிற்கிறது, அண்ணன் பார்த்தே ஆக வேண்டும் என்றாய். இந்தக் கடிதத்தில் துரு என்கிறாய். வீட்டை விற்றுவிட்டு வருகிற பெரிய மனிதர்களுக்கு நடுவில் சலவைக்கூடத்து ஆளை உன் அண்ணன் என்று சொல்லி நிறுத்த வெட்கமாக இருக்கிறதா? அப்படி என்றால் அப்படி என்று எழுது. கடல்மேல் பழியைப் போடாதே.

என் கல்யாணத்தன்று கூட்டத்துக்குப் பயந்து என் மடியில் வந்து தூங்கிப்போன பிள்ளை நீ. எழுந்தால் அழுவான், இருக்கட்டும் என்று சொல்லி, கால் மரத்துப்போக மரத்துப்போக அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிள்ளையா இப்படி எழுதுகிறது என்று இருக்கிறது எனக்கு.

கோபத்தோடு,
அண்ணி

ஆகஸ்ட் 6

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கோபம் எனக்கு உடம்புக்கு நல்லது, திட்டுங்கள். ஆனால் வெட்கம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அண்ணன் இங்கே வந்து நின்றால் இந்தக் கப்பலிலேயே அவருக்குத்தான் அந்தக் கப்பலைப் பற்றி அதிகம் தெரியும். அவர் என் அண்ணன் என்று ஒலிபெருக்கியில் சொல்லுவேன்.

இப்போதெல்லாம் கவரை ஒட்டாமல் ஆபீஸ் அறையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பசை மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

கூடு முன்பைவிட அதிகமாகப் பேசுகிறது. இறங்கும்போது மட்டும் பேசிக்கொண்டிருந்தது, இப்போது ஏறும்போதும் பேசுகிறது. இதை அண்ணனிடம் அப்படியே, ஒரு சொல் மாறாமல் படித்துக் காட்டுங்கள். அண்ணனுக்குப் புரியும்.

உங்கள்,
குச்சி

ஆகஸ்ட் 17

என் தங்கத் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியத்திலும் சௌக்கியம். கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே.

நீ சொன்ன மாதிரியே ஒரு சொல் மாற்றாமல் படித்தேன். படித்து முடிக்கும் முன்பே எழுந்து பீரோவைத் திறந்துவிட்டார். "பாத்தியா, போகப் போகப் பேச்சு கூடுது. நான் வர்றேன்னு அதுக்கே தெரிஞ்சுபோச்சு" என்கிறார்! கோட்டைப் போட்டுக்கொண்டே சாப்பிட்டார். நீ வேண்டாம் என்றதும் மனசு கேட்காமல் நீயே கூப்பிட்டுவிட்டாய் என்று நாங்கள் புரிந்துகொண்டோம். உன்னால் ஒரு விஷயத்தை நேராகக் கேட்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

லீவு கிடைத்துவிட்டது. செப்டம்பர் முதல் வாரத்தில் இங்கிருந்து கிளம்பி, துறைமுகத்தில் உங்கள் சரக்குப் படகைப் பிடிக்கிறார். உனக்கு இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை கொடுத்தனுப்புகிறேன். அவரிடம் சண்டை போடாமல் வாங்கிக்கொள்.

ஆயிரம் ஆசிகளுடன்,
அண்ணி

கீழே உன் அண்ணன்: நான் வரும்வரை கொஞ்சம் பேச்சை மிச்சம் வைக்கச் சொல்.

ஆகஸ்ட் 30

அண்ணி,

சுகம் கேட்டு எழுத நேரமில்லை. சரக்குப் படகின் இன்ஜின்காரர் கையில் இதை ஒட்டிக் கொடுக்கிறேன். ஆபீஸ் வழியாக வராது.

அது பேச்சு இல்லை. கூட்டுக்குள் நூல் அறுகிற சத்தம். ஒவ்வொரு டிக்கும் ஒரு நூல். அறுந்தது மறுபடி ஒட்டாது. நான் முதலில் சேர்ந்தபோது எனக்கே இது முழுதாகத் தெரியாது. எல்லாக் கூடும் ஆரம்பத்தில் கொஞ்சம் சத்தம் போட்டுப் பிறகு அடங்கும் என்றார்கள். இது அடங்கவில்லை. ஜூனில் ஒருநாள் மேலே வரும்போது வெடித்த மாதிரி ஒரு சத்தம். எங்கள் எல்லாருடைய காதும் அடைத்துப்போனது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டரில் வருகிற கோடுகள் எதுவும் முன்பு மாதிரி இல்லை.

முதலாளியிடம் சொன்னேன். "நீதானப்பா பேசுதுன்னு சொன்ன? இப்பக் கொஞ்சம் சத்தமாப் பேசுது, அவ்வளவுதான்" என்று தோளில் தட்டினார். என் சொல்லை எடுத்தே என் வாயை அடைத்துவிட்டார். வெளியே சொன்னால் என்ன ஆகும் என்று எழுதி, வேலைக்குச் சேரும்போது நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தையும் எடுத்துக் காட்டினார். உங்களுக்கும் அதே சொல்லில்தான் எச்சரிக்கை எழுதினேன். நீங்கள் அதை அழைப்பு என்று நினைத்துவிட்டீர்கள். உங்கள் மேல் தப்பே இல்லை. பயமுறுத்துகிற ஒரு சத்தத்துக்கு அழகாக ஒரு பேர் வைத்தவன் நான்.

அண்ணனை வீட்டை விட்டுக் கிளம்ப விடாதீர்கள். கோட்டை ஒளித்துவையுங்கள், கதவைப் பூட்டுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். என்னைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

குச்சி

செப்டம்பர் 13

உனக்கு எப்படி ஆரம்பித்து எழுதுவது என்று தெரியவில்லை. கடிதம் எழுதுவது எப்போதும் நீதானே. நான் கீழே ஒரு வரி எழுதியே பழகினவன்.

நான் நன்றாக இருக்கிறேன். கம்பெனிக்காரர்கள் போனில் உனக்குச் சொல்லியிருப்பார்கள். என்னைத்தான் முதலில் பேசச் சொன்னார்கள், ரிசீவரை நீட்டினார்கள். நான் வாங்கவில்லை. நான் நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லிடுங்க என்று சொல்லிவிட்டேன். மிச்சத்தை வாயால் சொல்ல என்னால் முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வந்து இறங்கியதும் அவன் முகம் சுண்டிப்போனது. சலவை அறைக்குக் கூட்டிப்போய் இயந்திரத்தை ஓடவிட்டான், வெளியே கேட்காமல் இருக்க. "அண்ணா, அது பேச்சு இல்லண்ணா. உடையுதுண்ணா" என்றான். எல்லாவற்றையும் சொன்னான். நான் ரொம்ப யோசிக்கவில்லை. "அப்ப நான் வரல" என்றேன். அவ்வளவுதான். அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அண்ணிகிட்ட நான் என்ன பதில் சொல்லுவேன்னு செத்துட்டு இருந்தேண்ணா" என்று அழுதான். எனக்கு நெஞ்சு வலி என்று சொல்லிப் பெயரை எடுத்துவிட்டோம். என் இடத்தில் காத்திருந்த வேறொருவர் சந்தோஷமாக ஏறினார். ஏறப்போகிறவர்களிடம் நான் போய்ச் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் என் கையைக் குலுக்கி, "இவ்வளவு தூரம் வந்துட்டுப் பயந்துட்டீங்களே" என்றார்.

மறுநாள் காலையில் அவன் நீ கொடுத்த காலுறையைப் போட்டுக்கொண்டு டப்பா பக்கம் நடந்தான். ஷூவோடு உள்ளே ஏறக் கூடாதாம். "எங்கடா போற?" என்றேன். "என் எடம் அங்கதாண்ணா. வருஷம் பூரா அங்கதான உக்காந்திருக்கேன்" என்றான். "ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன். "அண்ணி நான் மேல இருக்கேன்னு நிம்மதியா இருந்தாங்க, அதக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்" என்றான். கையைப் பிடித்தேன். "விடுண்ணா. சத்தம் கேக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் உள்ள இருந்தாத்தான் திரும்புங்கன்னு சொல்ல முடியும். நாலு பேரு ஏறுறாங்க. இன்னிக்கு ஒருநாள்தான், இதோட முடியுது" என்றான். பிறகு முதலாளி கூப்பிட்டார். நான் கையை விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்று நீ கேட்காதே. நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

மூடிக்கு போல்ட் போடும்போது, விருந்தாளி வந்திருக்கிறார் என்று மரியாதைக்காக ஒரு போல்ட்டை என்னிடம் கொடுத்தார்கள். முறுக்கினேன்.

பிறகு திரையில் ஒரு புள்ளி இறங்கிக்கொண்டே இருந்தது. அவன்தான் உள்ளிருந்து செய்தி அனுப்புகிறவனாம். ஒருமுறை, ஏறுகிறோம் என்று வந்தது. அவன் சொல்லியிருக்கிறான், அவர்கள் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு புள்ளி நின்றுவிட்டது. இரண்டு நாள் தேடினார்கள். உடைந்த துண்டுகளைக் கண்டுபிடித்தார்கள், அந்தக் கப்பலுக்குப் பக்கத்திலேயே. கண் மூடித் திறக்கும் முன் முடிந்திருக்கும், ஒன்றும் தெரிந்திருக்காது என்று கப்பல் டாக்டர் சொல்கிறார். எனக்கு அது ஆறுதலா என்று தெரியவில்லை.

விசாரணை முடியும்வரை எங்களைத் துறைமுகத்தில் வைத்திருப்பார்களாம். எதையாவது கேட்டால் நான் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன்.

நீ தனியாக இருக்காதே. பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிட்டு வைத்துக்கொள்.

செப்டம்பர் 24

என்னங்க,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். இருமலுக்கு வெந்நீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள். இதையெல்லாம் எழுதக் கை தானாகவே எழுதுகிறது.

கையை ஏன் விட்டீர்கள் என்று கேட்க வேண்டாம் என்றீர்கள். கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ஏப்ரலிலிருந்து நானும் எழுதிக்கொண்டேதான் இருந்தேன். குளிருதா என்று கேட்டேன், சாப்பிடுகிறாயா என்று கேட்டேன், கால் வலிக்கு மருந்து சொன்னேன். நீ அதற்குள் போகிறாயா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மேலே இருக்கிறாய் என்று நானே முடிவுகட்டி, நானே எழுதி, அவன் வாயில் திணித்துவிட்டேன். அவன் என்றைக்கு நான் கொடுத்ததைத் துப்பியிருக்கிறான்?

அவனுடைய ஆகஸ்ட் கடைசிக் கடிதம் நீங்கள் கிளம்பி ஒரு வாரம் கழித்து என் கைக்கு வந்தது. கம்பெனிக்குப் போன் போட்டேன், போட்டேன், போட்டுக்கொண்டே இருந்தேன். எல்லாரும் கடலில் இருக்கிறார்கள் என்று ஒரு பெண் சொன்னாள். அந்தக் கடிதத்தில், 'எங்கள் எல்லாருடைய காதும்' என்று எழுதியிருக்கிறான். எங்கள் என்று. நான் அதைத் தாண்டி உங்களைத் தேடிக்கொண்டு அடுத்த வரிக்கு ஓடிவிட்டேன். இப்போது அந்த ஒரு சொல்லைத் தவிர அதில் வேறு எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் என்னால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாது. பல் ஆஸ்பத்திரியில் காத்திருக்கிறவர்களுக்காக வைத்திருக்கிற டிவியில்தான் செய்தி வந்தது. நீர்மூழ்கியைக் காணவில்லை, ஐந்து பேர் என்றார்கள். கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவராக இருக்கக் கூடாது, வேறு யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று வேண்டினேன். வேறு யாராக வேண்டுமானாலும் என்று. கொஞ்ச நேரத்தில் கம்பெனியிலிருந்து போன். உங்கள் கணவர் கப்பலில் நலமாக இருக்கிறார் என்றார்கள். என்ன அழுகை அழுதேன், என்ன சிரிப்பு சிரித்தேன்! டாக்டர் வெளியே வந்து என் தலையில் கை வைத்தார். எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். நம் பையன் எப்படியோ சொல்லி அண்ணனை நிறுத்திவிட்டான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது டிவியில் மறுபடி வாசித்தார்கள். முதலாளி பேர் சொன்னார்கள், பணம் கட்டினவர்கள் பேர் சொன்னார்கள், ஊர் சொன்னார்கள். கடைசியில், ஊழியர் ஒருவர் என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள்.

டீ டம்ளர் கையில் சூடாக இருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு நான் சொன்னேன், "ஐயோ பாவம், யாரு பெத்த புள்ளையோ."